தங்கமான குடித்தனக்காரர்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் இத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்ட கேள்விகளைக் கூட்டிப் பார்த்தால் மூன்றுதான் தேறும். என்ன லோடு, எங்கே போகிறது, பில் இருக்கிறதா. தேங்காய் மூட்டைக்கும் அதே மூன்று, கல்யாணச் சீர்வரிசைக்கும் அதே மூன்று. ஒருவரும் என் பெயரைக்கூடக் கேட்டதில்லை. எல்லையோரத்துக்காரன் மேல் அவ்வளவுதான் அக்கறை.

கோயம்புத்தூரில் வாங்கிய புது லேப்டாப்பைக் கேரளப் பக்கம் எருத்தேன்பதி வீட்டுத் திண்ணையில் வைத்துத் திறந்த அன்றுதான், என்னையும் ஒரு பொருட்டாக மதித்து விசாரிக்க உலகத்தில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தது. எந்த நாடு, எந்த கீபோர்டு, வைஃபை எங்கே, மெயில் ஐடி என்ன, இல்லையென்றால் புதிதாக ஒன்று ஆரம்பிக்கலாமா, நான்கு இலக்க ரகசிய எண் என்ன வைக்கலாம், நீங்கள் இருக்கும் இடத்தை நாங்கள் தெரிந்துகொள்ளலாமா, நீங்கள் தட்டச்சு செய்வதை எங்கள் முன்னேற்றத்துக்காகப் பார்க்கலாமா, உங்கள் போனையும் சேர்த்துக் கட்டிவிடலாமா, படங்களை எங்கள் வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டுமா. நடுவில் ஒரு விளம்பர அடையாள எண்ணும் எனக்கு ஒதுக்கப்பட்டது. ரேஷன் கார்டில் மகள் பெயரைச் சேர்க்கச் சித்தூருக்கு எத்தனை நடை நடந்தேன்! இங்கே கேட்காமலே நம்பர் போட்டுக் கொடுக்கிறார்கள்.

என் நிலைமையை இப்படிச் சொன்னால் விளங்கும். முழுக்கிரயமும் கொடுத்து, பத்திரம் பதிந்து, சாவியோடு போய் வீட்டைத் திறக்கிறோம். உள்ளே ஒருவர் ஏற்கெனவே பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார். எழுந்து நின்று "வாங்க வாங்க" என்கிறார். அப்புறம், "நீங்க யாருன்னு ஒரு அத்தாட்சி காட்டுனா உள்ளே விடறேன்" என்கிறார். விவரம் தெரியாதவன் சண்டைக்குப் போவான். எனக்கோ கண் கலங்கிவிட்டது. நாம் வருவதற்கு முன்பே நம் வீட்டைக் காவல் காக்க ஒருவர் வந்து குடியேறியிருக்கிறார். அவருக்குரிய அட்வான்ஸையும் லேப்டாப் விலையோடு சேர்த்து நானே கட்டியிருக்கிறேன். கட்டியது எனக்கே தெரியாதபடி நாசூக்காக வாங்கியிருக்கிறார்கள். இப்படிப்பட்டவரைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதை அல்ல. என் வீட்டுக் கதையில் அவரைக் குடித்தனக்காரர் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

பழைய லேப்டாப்புக்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். ஒரு கேடும் இல்லை, அதுதான் அதன் குற்றம். எட்டு வருஷமாக ஓடியது. விண்டோஸ் 10க்கு வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. சரி, 11க்கு ஏறிக்கொள்ளலாம் என்றால் அதற்கு அங்க லட்சணம் பார்க்கிறார்கள். எங்கள் பக்கத்துச் சந்தையில் மாடு பிடிக்கிறவர்களும் அப்படித்தான். எருது ஏர் இழுக்கிறதா, பாரம் தாங்குகிறதா என்பதெல்லாம் அப்புறம். முதலில் சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று முதுகைத் தடவுவார்கள். என் லேப்டாப்பைத் தடவிப் பார்த்ததில் டிபிஎம் 2.0 என்கிற சுழி சரியாக விழவில்லை, பிராசசரும் எட்டாம் தலைமுறைக்கு ஒரு தலைமுறை முந்தியது. நன்றாக உழுகிற மாட்டைச் சுழி சரியில்லை என்று கசாப்புக்கு அனுப்புகிற நுட்பம் கொங்கு நாட்டுக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவிலும் அதே ஞானம் இருப்பது பெருமையாக இருந்தது. தேங்காய்க்கு நல்ல விலை கிடைத்த சமயம், புதிதாகவே வாங்கிவிட்டேன்.

கஷ்டம் என் மகளிடமிருந்து வந்தது. பத்தாவது, எல்லைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம். புது லேப்டாப்பைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்கப்பா, இதுல எங்க ஸ்கூல்ல இருக்கறது இல்லீங்களா?" என்றாள்.

அவள் மேல் தப்பில்லை, வளர்ப்பு அப்படி. கேரள அரசு நன்றி கெட்ட அரசு என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அதே வருஷம் ஐடி அட் ஸ்கூல் திட்டமும் பிறந்தது. கொஞ்ச வருஷத்தில் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களில் எல்லாம் கட்டற்ற மென்பொருளான லினக்ஸ் ஏறிவிட்டது. இன்று அந்தத் திட்டம் 'கைட்' என்ற பெயரில் ஒரு அரசு கம்பெனி. உபுண்டு என்ற லினக்ஸை எடுத்துத் தங்கள் பாடத்துக்குத் தகுந்தபடி வெட்டித் தைத்து, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வையே அதில்தான் எழுத வேண்டும். 2019இல் புதுப் பதிப்பு வந்தபோது, இரண்டு லட்சம் கம்ப்யூட்டர்களில் இதைப் போடுவதால் ₹3,000 கோடி மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். மிச்சம் பிடித்ததைப் பெருமையாக வேறு சொல்கிறார்கள்! அத்தனை கோடியையும் லைசென்ஸ் என்ற பெயரில் கடல் கடந்து அனுப்பும் பாக்கியத்தைக் கோட்டைவிட்டோமே என்று வருந்த ஒரு அதிகாரிக்குக்கூடத் தோன்றவில்லை. பாடப்புத்தகத்தை மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என்று நான்கு மொழியில் அச்சடித்து எங்கள் பிள்ளைகள் கைவரைக்கும் இந்தக் கெட்ட பழக்கத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

அக்கரையில் தமிழ்நாடு இந்த விஷயத்தில் பதவிசு. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் உள்ளே வைத்துக் கொடுத்தார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் தோழனை நிறுத்துவதுபோல. பொள்ளாச்சிப் பக்கத்தில் இருக்கும் என் மச்சினன் பையன் வாங்கிய முதல் வாரமே தோழனை வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்தில் சினிமாப் படங்களை நிரப்பிக்கொண்டான். எங்கள் பிள்ளைகள் தமிழ் படித்தாலும் கேரளப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் அந்த லேப்டாப் அவர்களுக்குக் கிடையாது. இனாமும் கிடைக்கவில்லை, இனாமோடு வரும் விவேகமும் கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடத்து லேபைப் பார்த்துவிட்டு வந்து என் லேப்டாப்பைப் பார்த்தால், தொண்டைமான் ஆயுதச்சாலையில் நின்ற ஔவைக்கு என்ன தோன்றியிருக்கும் என்று புரிகிறது. அங்கே கீபோர்டில் ஏ, எஸ், டி எழுத்துக்கள் தேய்ந்து வெறும் பல்லாக நிற்கின்றன. ஒரு மவுசுக்கு வால் கறுப்பு டேப்பில் நிற்கிறது. மானிட்டர் ஓரத்தில் யாரோ பிள்ளை காம்பஸால் பெயர் செதுக்கியிருக்கிறது. இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா, பைத்தான், லிபர்ஆபிஸ் என்று பீரியடுக்குப் பீரியடு அடி வாங்குகிற ஜடங்கள். என்னுடையதைப் பாருங்கள். மூடியில் முகம் பார்க்கலாம். பிளாஸ்டிக் உறைகூட முழுசாகப் பிரியவில்லை. உபயோகிக்கவே மனசு வராத அழகு. உபயோகிக்கவிடாத காவலும் கூடவே இருக்கிறது.

கடைக்கு போன் போட்டேன். "தம்பி, இதுல லினக்ஸ் போடோணும். உள்ளே இருக்கறதுக்குக் குடுத்த காசைத் திருப்பித் தருவீங்களா?" அந்தப் பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "சார், அதெல்லாம் போட்டீங்கன்னா வாரண்டி போயிருங் சார்" என்றான், யாரோ செத்துப்போன செய்தியைச் சொல்கிற குரலில். வாரண்டி எதனால் போகும், எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டு அவனைச் சங்கடப்படுத்த எனக்கு மனசில்லை. ஒன்றும் போடாமல் வருகிற டாஸ் லேப்டாப் இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் விவரமில்லாதவங்க வாங்கறதுங் சார்" என்றான். என்னை விவரமானவன் என்று சொன்ன ஒரே ஆள் என்பதால் அவன் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

இத்தாலியில் ஒருவர் இந்த மரியாதையை அறியாமல் நடந்துகொண்டார். தான் வாங்கிய லெனோவோ லேப்டாப்பில் இருந்த விண்டோஸ் வேண்டாம், அதன் விலை 42 யூரோவைத் திருப்பிக் கொடு என்று விடாப்பிடியாக நின்றார். உரிம ஒப்பந்தத்திலேயே வேண்டாதவர் திருப்பித் தரலாம் என்று எழுதியிருக்கிறதாம். அதையெல்லாம் யாராவது படிப்பார்களா? இவர் படித்துவிட்டார். கம்பெனியும் ஏறக்குறைய நாலாயிரம் ரூபாய்க்காக மேல்முறையீடு வரைக்கும் போய்க் கொள்கையைக் காப்பாற்றப் பார்த்தது. 2020 டிசம்பரில் மோன்சா நீதிமன்றம் அலைக்கழித்ததற்காக 20,000 யூரோ கட்டச் சொல்லிவிட்டது. கொள்கைக்காக இவ்வளவு செலவழிக்கும் வியாபாரிகள் உலகத்தில் எத்தனை பேர்?

நான் சாத்வீகன். குடித்தனக்காரரைக் கிளப்ப வேண்டாம், வீட்டை இரண்டாகத் தடுத்து ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் லினக்ஸ் என்று வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். பாகப்பிரிவினை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீரையே தமிழ்நாட்டோடு பிரித்துக் குடிக்கிறவர்கள் நாங்கள். மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு என்று 1970 ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. எழுதியது ஒரு பக்கம், வருவது ஒரு பக்கம் என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் ஒவ்வொரு கோடையிலும் மூலத்தறையில் போய் நிற்பார்கள். அந்த அனுபவம் இங்கே கைகொடுத்தது.

பெட்டியில் 512 ஜிபி என்று போட்டிருந்தது. உள்ளே பார்த்தால் 476. வாய்க்கால் நஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன். (கம்பெனி ஆயிரத்தால் வகுக்கிறது, குடித்தனக்காரர் 1,024ஆல் வகுக்கிறார் என்று மகளுடைய பள்ளிக்கூடத்து ஐடி வாத்தியார், எங்கள் பக்கத்துப் பேச்சில் மாஷ், அப்புறம் விளக்கினார். இரண்டு பேருமே சரி, எனக்குத்தான் குறைகிறது.) அதில் நாற்பது ஐம்பதுக்கு மேல் அவருக்குச் சாமான் கிடையாது. பாதியை விட்டுக்கொடுங்கள் என்று அவருடைய டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே போய் விண்ணப்பித்தேன். தாராளமாக என்றார், ஆனால் பாதி வராது என்றார். ஏன்? நடுக்கூடத்தில் நகர்த்த முடியாத சாமான் கிடக்கிறதாம். பேஜ் ஃபைல் என்று ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. 476 ஜிபி வீட்டில் மூலையில் இடமே இல்லாததுபோல நட்டநடுவில் அம்மிக்கல்லைப் போட்டுவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்கிற பெருந்தன்மை மணக்கடவில்கூட நான் காணாதது.

அடுத்தது பென்டிரைவ். ஐடி மாஷ் கைட்டின் லினக்ஸை ஏற்றிக் கொடுத்திருந்தார். ஆன் செய்தவுடன் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். எந்தப் பட்டன் என்பதில்தான் கலை இருக்கிறது. ஒரு கம்பெனிக்கு எஃப்2, இன்னொன்றுக்கு எஃப்12, மற்றொன்றுக்கு எஸ்கேப். கம்பெனி லோகோ மின்னி மறைகிற நேரத்துக்குள் அழுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் குடித்தனக்காரர் வந்துவிடுவார். அறுபது வயதுக்காரனுடைய அனிச்சைச் செயலைச் சோதிக்க ஆஸ்பத்திரியில் சுத்தியலால் முழங்காலில் தட்டுவார்கள், காசும் வாங்குவார்கள். இங்கே இலவசம்.

பென்டிரைவ் கிளம்பியது. லினக்ஸ் வந்தது. வந்து, இந்த வீட்டில் அறையே இல்லையே என்றது. டிஸ்க் தெரியவில்லை! என்னுடையதைப் போலச் சில லேப்டாப்புகளில் டிஸ்க்கை இன்டெல்லின் ஆர்எஸ்டி என்ற திரைக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறார்கள். பொக்கிஷத்தை வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டுவார்களா? பயாஸில் போய் அந்தத் திரையை விலக்கினேன். லினக்ஸுக்கு டிஸ்க் தெரிந்தது. இப்போது குடித்தனக்காரருக்குத் தெரியவில்லை. நீலத் திரையில் ஒரு சோக முகத்தைப் போட்டுவிட்டு மயங்கி விழுந்தார். ஒருவரை ஒருவர் கண்ணால் பார்க்கச் சகிக்காத இரண்டு பங்காளிகளை ஒரே கூரையின் கீழ் வைத்து இவ்வளவு நேர்த்தியாக வீடு கட்டிய கொத்தனாரை என்னவென்று பாராட்டுவது.

தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அவர் என்னை அடையாளம் தெரியாதவர்போலப் பார்த்தார். 48 இலக்க எண்ணைச் சொல், கதவைத் திறக்கிறேன் என்றார். ஆதார் 12 இலக்கம். பாங்க் கணக்கு எண்ணும் அதை ஒட்டித்தான். என்னுடைய தேங்காய்க் கணக்கையும் மகளுடைய பள்ளிக்கூடப் படங்களையும் காக்க நாற்பத்தெட்டு இலக்கம்! டிஸ்க் முழுவதையும் அவர் சத்தமில்லாமல் பூட்டி வைத்திருந்திருக்கிறார். முதல்நாள் கேட்ட நூறு கேள்வியில் இந்தக் கேள்வி மட்டும் இல்லாமல் போனது பணிவு அன்றி வேறென்ன. சாவி எங்கே? அவசரத்தில் மகள் பெயரில் ஆரம்பித்த மெயில் கணக்கில். அதன் பாஸ்வேர்டு? அன்றைக்கு மாவு மில்லுக்கு எடுத்துப் போன சீட்டின் பின்னால் எழுதியது. மறந்தது என் குற்றம். இரண்டு நாள் சீட்டைத் தேடினோம். வீடே சுத்தமானது.

இந்த இரண்டு நாளில் ஒரு அசம்பாவிதம் நடந்தது. மகள் சும்மா இருக்கமாட்டாமல் அதே பென்டிரைவை எடுத்துப்போய்ச் சுழி கெட்ட அந்தப் பழைய லேப்டாப்பில் சொருகியிருக்கிறாள்.

அது செய்த அநியாயத்தைக் கேளுங்கள். மெயில் ஐடி கேட்கவில்லை. போன் நம்பர் கேட்கவில்லை. வைஃபை இருக்கிறதா என்றது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றதும் சரி என்று விட்டுவிட்டது. ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது, அதையும் வெளியே யாரிடமும் சொல்லாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. எந்த ஊர் என்று கேட்டது. எருத்தேன்பதியைச் சொல்ல வழியில்லை, இந்தியா முழுவதற்கும் கொல்கத்தாதான். எங்கள் ஊரைத் தெரியாத ஒன்று, அதுவும் கடிகாரத்துக்காகத்தான் கேட்டதாம். விளம்பர எண் தரவில்லை. போட்டோக்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. நிறுவி முடிப்பதற்கு முன்னாலேயே, பிடித்தால் போடு, பிடிக்காவிட்டால் பென்டிரைவிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடு என்று வேறு சொல்கிறது. தன் மேல் தனக்கே நம்பிக்கை இல்லாத சரக்கு. அரை மணி நேரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இங்க்ஸ்கேப்பைத் திறந்து வைத்துவிட்டு, என்ன செய்யட்டும் என்பதுபோல வாயை மூடிக்கொண்டு இருந்தது. விரல் வைத்துத் திறக்கிற வசதி மட்டும் வேலை செய்யவில்லை. அதை நான் ஒருமுறைக்கு நான்குமுறை சொல்லிக்காட்டினேன். "பாஸ்வேர்டு போட்டாப் போச்சுங்கப்பா" என்று வீட்டுப்பாடத்தைத் தொடர்ந்தாள்.

சீட்டு அரிசி டிரம்முக்கு அடியில் கிடைத்தது. மாஷ் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தார். பூட்டை எடுத்தார், குடித்தனக்காரருக்குச் சேஃப் மோடில் ஒரு வைத்தியம் பார்த்து டிஸ்க் இரண்டு பேருக்கும் தெரியும்படி செய்தார். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்பதையும் நிறுத்தச் சொன்னார். அது எதற்கு என்றேன். ஷட்டவுன் என்று நாம் சொன்னால் அவர் முழுவதும் படுப்பதில்லையாம், ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுக்கிறாராம், அந்த நேரத்தில் லினக்ஸ் அவர் அறைக்குள் எதையும் எழுத முடியாதாம். காவல்காரர் என்றால் அப்படித்தானே படுக்க வேண்டும்.

செக்யூர் பூட் விஷயத்தை மாஷ் சொன்னபோதுதான் இந்த ஏற்பாட்டின் உயரம் முழுவதும் தெரிந்தது. லேப்டாப் கிளம்பும்போது முத்திரை இல்லாத எதையும் உள்ளே விடாது. முத்திரை யாருடையது? மைக்ரோசாஃப்ட்டுடையது. லினக்ஸும் ஷிம் என்ற ஒரு சிறு துண்டுக்கு மைக்ரோசாஃப்ட்டிடம் முத்திரை வாங்கிக்கொண்டுதான் வாசல்படி ஏறுகிறது. எதிர்க்கடைக்காரனிடம் கையெழுத்து வாங்கி வந்தால்தான் உன் கடை திறக்கலாம் என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டால் எங்கள் ஊரில் ரகளையாகும். இங்கே அது பல வருஷமாக அமைதியாக நடக்கிறது. 2011இல் போட்ட அந்த முத்திரைச் சான்றிதழுக்கு 2026 ஜூன் வரை கெடு, பிறகு புதுச் சான்றிதழ். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற எதிர்க்கடைக்காரரின் மனசு யாருக்கு வரும்.

2024 ஆகஸ்ட்டில் அந்த மனசு ஒருமுறை பொங்கி வழிந்தது. இரண்டு சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கு இது போகாது என்று சொல்லிவிட்டு மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட் அனுப்பியது. அவர்களில் பலருக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் லினக்ஸைத் திறந்தவர்களின் திரையில், ஏதோ படுமோசமாகத் தவறிவிட்டது என்கிற பொருளில் ஒரு வரி வந்து கம்ப்யூட்டர் அணைந்துபோனது. என்ன தவறு என்று நமக்குப் புரியும்படி சொல்லி மனசைப் புண்படுத்தவில்லை. முழுச் சரிசெய்தல் அடுத்த வருஷம் மே மாதத்தில் வந்தது. அவசரப்பட்டுச் செய்தால் காரியம் கெடும் அல்லவா.

கீபோர்டைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். 2024 தொடக்கத்தில், ஏறக்குறைய முப்பது வருஷத்துக்குப் பிறகு, விண்டோஸ் கீபோர்டுக்கு ஒரு புதுப் பட்டன் வந்தது. கோபைலட். என் லேப்டாப்பில் வலப்பக்கம் கண்ட்ரோல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. மகள் ஏதோ ஷார்ட்கட்டுக்காக வலது கண்ட்ரோலைத் தேடித் தடவினாள். "கண்ட்ரோல் எங்கீங்கப்பா?" என்றாள். அதைத்தானே கண்ணு நானும் ஒரு வாரமாகத் தேடுகிறேன் என்று சொல்ல வந்து, மாஷ் இருந்ததால் சும்மா இருந்துவிட்டேன்.

எல்லாம் முடிந்து இரண்டு பேரும் குடியேறிவிட்டார்கள். ஆன் செய்தால் ஒரு கறுப்புத் திரை வந்து யார் வேண்டும் என்று கேட்கிறது. லினக்ஸைத் திறந்து வேலை முடித்து அணைத்துவிட்டு, குடித்தனக்காரரைத் திறந்தால் காலை பத்தரைக்குக் கடிகாரம் ஐந்து என்று காட்டியது. உள்கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரத்தில் எழுதி வைக்கிறது. அவர் அதை உள்ளூர் நேரம் என்றே படிக்கிறார், நம் ஊருக்கு ஐந்தரை மணி வித்தியாசம். லினக்ஸிடம் ஒரு வரி சொன்னால் அது பணிந்து உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்கிறது. விட்டுக்கொடுக்கிறவன்தானே விட்டுக்கொடுக்க வேண்டும். ஆனாலும் நான் ஒரு வாரம் அதை மாற்றவில்லை. கள்ளு இறக்குகிறவர்கள் தவிர இந்த ஊரில் ஐந்து மணிக்கு யாரும் எழுவதில்லை. எனக்குத் தினமும் பத்தரைக்கே அந்தப் பெருமை கிடைத்தது.

போன புதன்கிழமை அவருக்கு ஒரு அப்டேட் வந்தது. 30 சதவீதம், 64 சதவீதம், அணைக்காதீர்கள் என்றார், அணைக்கவில்லை. மதியச் சாப்பாடு ஆகி, கை கழுவி வந்து பார்த்தேன். கறுப்புத் திரை வரவில்லை. யார் வேண்டும் என்ற கேள்வியும் இல்லை. நேரே அவரே வந்து வாசலில் நின்றார். பயாஸில் வரிசையைப் பார்த்தால் லினக்ஸ் இரண்டாம் இடத்துக்குப் போயிருக்கிறது. மூத்தவர் முன்னால் நிற்பதுதானே முறை.

நின்றவர், உங்கள் கம்ப்யூட்டரை அமைக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறதே, முடித்துவிடலாமா என்று கேட்டார். அதே கேள்விகள், அதே கனிவு. போட்டோக்களை எங்களிடம் கொடுங்கள், ஆபிசுக்குச் சந்தா கட்டுங்கள், போனைக் கொண்டுவாருங்கள். கீழே இரண்டு பட்டன். ஒன்றில் தொடரவும் என்று இருந்தது. வேண்டாம் என்று ஒரு பட்டன் இருக்கிறதா என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினேன். பக்கத்தில் பழைய லேப்டாப்பில் மகள் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்து, "அது இருக்காதுங்கப்பா, ரெண்டாவதை அமுக்குங்க" என்றாள்.

இரண்டாவதில், மூன்று நாளில் நினைவூட்டு என்று எழுதியிருந்தது. அழுத்தினேன். இன்று வெள்ளி.